நடுநிலத்தைக் கடந்து ஏரிப்பக்கம்

சிகாகோ
6 செப்டம்பர் 1972

மதிப்பிற்குரிய திரு. நூமா பார்த்தே அவர்களுக்கு,

வணக்கம். எங்களுடையது பயணிகளுக்கான கையேடுகள் வெளியிடும் சிறு பதிப்பகம். நியூ ஆர்லியன்ஸ் நகரின் வரலாற்றையும் அங்கே பார்க்கத்தக்க இடங்களையும் பற்றிய கையேடு வரும் வசந்தத்தில் வெளியாகிறது. அதைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. சதுக்கத்தில் குதிரை வண்டி ஓட்டி ஊர் சுற்றிக் காட்டுபவர்களில் தாங்கள் நல்ல அனுபவசாலி என்று கேள்விப்பட்டோம். சில ஐயங்களைத் தாங்கள் தீர்த்து வைத்தால் நன்றியுடையவர்களாவோம்.

உங்கள் ஊரில் சூரியன் மேற்குக் கரையில் உதிப்பதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இது எழுத்துப் பிழையாக இருக்கலாம். பால்கனித் தூண்களைச் சுற்றியுள்ள இரும்பு முட்கள், வீட்டுப் பெண்களைத் தேடி ஏறி வரும் காதலர்களைத் தடுப்பதற்காக வைக்கப்பட்டவை என்பது உண்மையா? செயின்ட் ரெமி கல்லறைத் தோட்டத்துக்குப் போக, கிளைபோர்ன் சாலையில் பேருந்திலிருந்து இறங்கி, ஓக் மர நிழலில் நடுநிலத்தைக் கடந்து, ஏரிப்பக்கம் இரண்டு தெரு நடக்க வேண்டும் என்று எங்கள் குறிப்பில் உள்ளது. அந்த வழி இப்போதும் சரிதானா?

பதிலை அலுவலக விலாசத்துக்கு அனுப்பக் கோருகிறேன்.

இப்படிக்கு,
திருமதி எல். பார்ட்டன்


நியூ ஆர்லியன்ஸ்
15 செப்டம்பர் 1972

திருமதி எல். பார்ட்டன் அம்மையாருக்கு,

சதுக்கத்து வண்டிக்காரன் நூமா எழுதிக்கொள்வது. முதலில் ஒரு திருத்தம். நான் ஓட்டுவது குதிரை வண்டி அல்ல, கோவேறு கழுதை வண்டி. இந்த ஊர் வெயிலுக்குக் குதிரை தாங்காது. என் கழுதையின் பெயர் ஓர்டான்ஸ். காதுக்கு இரண்டு ஓட்டை போட்ட வைக்கோல் தொப்பி அணிந்திருப்பாள். நெப்போலியனின் குதிரைக்கு இவள் கொள்ளுப்பேத்தி என்று தினம் எட்டு முறை சொல்கிறேன், இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. நீங்கள் அனுபவசாலி என்று கேள்விப்பட்டது இதைத்தான் என்றால் சரி.

இனி உங்கள் ஐயங்கள். சூரியன் மேற்குக் கரையில்தான் உதிக்கிறது. ஆறு வளைந்து வளைந்து போவதால் மேற்குக் கரை என்று பெயர் வைத்த கரை எங்களுக்குக் கிழக்கே கிடக்கிறது. ஆறு செய்த தப்புக்கு நாங்கள் பெயரை மாற்ற முடியுமா? இரும்பு முள் விஷயமும் உண்மை. எங்கள் வீட்டில் அதை வைக்காமல் போனோமே என்று எங்கள் அப்பா அடிக்கடி தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு ஒரு அக்கா இருந்தாள்.

கல்லரைக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள் அம்மணி. சாலை நடுவில் இருக்கும் புல்திட்டுக்கு உலகத்தில் என்னென்னவோ பெயர் இருக்கிறது. அதை நடுநிலம் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு ஊரில்தான் இருக்கிறார்கள். வடக்கு தெற்கு சொல்லாமல் ஏரிப்பக்கம், ஆற்றுப்பக்கம் என்று வழி சொல்கிறவர்களும் நாங்கள்தான். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு ஒரு பார்ட்டன் அம்மாள் நடுநிலத்தைக் கடந்து ஏரிப்பக்கம் போகிறாளாம். நடிப்புக்கும் ஒரு அளவு வேண்டாமா?

அந்த ஓக் மரங்களை ஆறு வருடத்துக்கு முன்பே வெட்டிவிட்டார்கள். இப்போது அங்கே சிமெண்டுத் தூண்கள் நிற்கின்றன, தலைக்கு மேலே நெடுஞ்சாலை ஓடுகிறது. இது தெரியாமல் எழுதுகிறவள், மரம் இருந்த காலத்தில் ஊரை விட்டுப் போனவளாகத்தான் இருக்க வேண்டும்.

பத்தொன்பது வருடம் கழித்து வந்த முதல் கடிதத்தில் கூடப் பிறந்தவனைப் பார்த்து 'மதிப்பிற்குரிய' என்று எழுதினாயே லியோன்டின், உனக்கே சிரிப்பு வரவில்லையா?

நூமா


சிகாகோ
25 செப்டம்பர் 1972

நூமா,

நான்தான். மறுத்துப் பயனில்லை.

போன மாதம் அலுவலகத்தில் ஒரு பெண் விடுமுறைக்கு அங்கே வந்து திரும்பினாள். எடுத்த படங்களையெல்லாம் என் மேஜை மேல் பரப்பினாள். அதில் தொப்பி போட்ட ஒரு கழுதை நின்றது. பக்கத்தில் கன்னத்தை உப்பிக்கொண்டு நீ நின்றாய். சின்ன வயதில் படம் எடுக்கும்போதெல்லாம் அப்படித்தான் நிற்பாய், அதனால்தான் உனக்கு அந்தப் பட்டப்பெயர் வைத்தோம். "என்ன லீனா, மொகம் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று அவள் கேட்டாள். இங்கே என் பெயர் லீனா. தலைவலி என்று சொல்லிவிட்டு, கழிவறையில் போய்க் கால் மணி நேரம் அழுதேன். பிறகுதான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். கையெழுத்தில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன், வார்த்தை காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கவில்லை.

நீ குத்திக் காட்டுவதற்கு உனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் எழுதவே இல்லை என்பதுபோல் பேசாதே. 1954ல் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டாவது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. உறை மேல் 'இந்தப் பெயரில் இங்கே உறவு யாரும் இல்லை' என்று உன் கையெழுத்து. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் எந்த வீட்டுப் பெண் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. என் மகள் ரூத்துக்குப் பதினேழு வயது. அவளுக்கும் தெரியாது. எனக்கு ஊரில் யாருமே இல்லை, எல்லோரும் ஒரு காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று சொல்லி வளர்த்தேன். ஆமாம், உங்களையெல்லாம் நான் சாகடித்துவிட்டேன். அதனால்தான் அலுவலகத்துக்கு எழுதச் சொன்னேன். வீட்டில் தபாலை அவள்தான் எடுப்பாள்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

லி.

பி.கு. 'கல்லரை' அல்ல, 'கல்லறை'. வல்லின ற. தொழில் புத்தி, மன்னித்துக்கொள்.


நியூ ஆர்லியன்ஸ்
9 அக்டோபர் 1972, திங்கள்

அக்கா,

என்னைக் காய்ச்சலில் சாகடித்துவிட்டு என் எழுத்துப் பிழையைத் திருத்துகிறாய் பார், உன் துணிச்சலே துணிச்சல். செத்தவன் எப்படி எழுதினால் என்ன?

இன்று திங்கட்கிழமை. அம்மா வழக்கம்போல் அடுப்பில் சிவப்பு பீன்ஸ் ஏற்றியிருக்கிறாள். எழுபத்தாறு வயது, இரண்டு கண்ணிலும் புரை. ஆள் வந்தால் நிழல்போலத் தெரியும், முகம் தெரியாது. ஆனால் பானையில் உப்புக் குறைந்தால் அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுகிறாள். வாய் மட்டும் குறையவே இல்லை. உன் கடிதம் வந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. ஏன் என்று கோபித்துக்கொள்ளாதே, சொன்ன பிறகு நீ எழுதாமல் போய்விட்டால் அந்த முகத்தை யார் பார்ப்பது?

உறை மேல் எழுதியது நான்தான். அதற்கு முந்தின மாதம் நடந்ததை நீ மறந்திருப்பாய். ஒரு வாரம் ஊருக்கு வந்திருந்தாய். அன்று நாம் இரண்டு பேரும் ஒரே பேருந்தில் ஏறினோம். வெள்ளையருக்கு முன்பக்கம், மற்றவர்களுக்குப் பின்பக்கம் என்று நடுவே ஒரு மரப்பலகை மாட்டியிருப்பார்களே, அந்தப் பலகைக்கு முன்னால் நீ போய் உட்கார்ந்தாய். உன் நிறம் அம்மாவுடையது, நடத்துனர் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. என் நிறம் அப்பாவுடையது. நான் பலகைக்குப் பின்னால் நின்றேன். உன் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே பதினோரு நிறுத்தம் வந்தேன். நீ ஒரு முறைகூடத் திரும்பவில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் அந்தக் கடிதத்தை நான் பிரித்திருப்பேன்.

அப்பா போனது 61ல். பெயர் போடாமல் ஒரு மலர்வளையம் வந்தது. இவ்வளவு பெரிய வளையத்தைப் பெயரில்லாமல் யார் அனுப்புவார்கள் என்று தெருவே பேசியது. அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் அதை எடுத்துக் கல்லறையில் (சரியா?) முதலாவதாக வைத்தாள்.

நம் வழக்கம் உனக்கு நினைவிருக்கும். வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போனவர்கள் எதிரே வந்தாலும் வீட்டார் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவர்கள் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது. கூப்பிடுவதென்றால் போனவர்தான் முதலில் கூப்பிட வேண்டும். எத்தனையோ வீட்டில் இப்படித்தான் தாயும் மகளும் ஒரே கடையில் நின்று முட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நவம்பர் முதல் தேதி, எல்லாப் புனிதர் நாள். அம்மாவும் நானும் எப்போதும்போல் அப்பாவின் கல்லறைக்கு வெள்ளையடிக்கக் காலை ஒன்பது மணிக்குப் போவோம். உன் கையேட்டுக்கு அன்றைக்குத்தான் நல்ல காட்சி கிடைக்கும். வா. ஆனால் நாங்கள் கூப்பிட மாட்டோம். நீதான் கூப்பிட வேண்டும்.

நூமா


நியூ ஆர்லியன்ஸ், கால்வாய்த் தெரு விடுதி
1 நவம்பர் 1972

நூமா,

இந்தக் கடிதத்தை விடுதி மேஜையில் கொடுத்துவிட்டு மாலை ரயிலில் கிளம்புகிறேன். நேரில் சொல்ல வாய் வராததைத் தாளில் எழுதுவது எனக்குப் புதிதல்ல.

ஊர் பார்க்க வந்தவர்கள் பதினைந்து பேருடன் சேர்ந்துகொண்டேன். தனியாக வர எனக்குத் துணிச்சல் இல்லை. கொடி பிடித்த பெண் ஒருத்தி எங்களை நடத்திப்போனாள். அவள் சொன்னதில் பாதி தப்பு. கல்லறைகளை ஏன் தரைக்கு மேலே கட்டுகிறார்கள் என்பதற்கு முதலைக் கதை ஒன்று சொன்னாள். நீ சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும்.

சாமந்தி வாசனையும் சுண்ணாம்பு வாசனையும் சேர்ந்து வந்தபோதே கொடியை விட்டுவிட்டு வரிசைகளை எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது வரிசையில் நீ ஏணி மேல் நின்றாய். அம்மா கீழே ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பூவைக் கட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு சின்னதாகிவிட்டாள் நூமா! யாருமே எனக்குச் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. யார் சொல்வார்கள்?

என் பக்கத்தில் நின்றவள் கேமராவைத் தூக்கினாள். "கேட்டுட்டு எடுங்க" என்று சொன்னேன். கையேட்டில் நான் எழுதி வைத்த விதியே அதுதான். நீ அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாய். என்னைப் பார்த்தாய். நீ தூரிகையைத் தோய்த்து ஒரு முறை சுண்ணாம்பு பூசும் நேரம்தான் அது. பிறகு என்னைப் பார்த்து, முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல், "அங்கே நிக்காதீங்க மேடம், சேறு. இந்தப் பக்கம் கல்லு மேல வாங்க" என்றாய்.

"யாருடா அது?" என்று அம்மா கேட்டாள்.

"ஊர் பாக்க வந்தவங்கம்மா."

"அந்தம்மாவுக்கு ஒரு பூ குடு" என்றாள்.

நீ இறங்கி வந்து என் கையில் ஒரு மஞ்சள் சாமந்தியைக் கொடுத்தாய். உன் விரலில் சுண்ணாம்பு. நான் "நன்றி" என்றேன். எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தைகளிலும் அந்த ஒன்றுதான் வந்தது. கொடிக்காரி அடுத்த வரிசைக்குக் கிளம்பினாள், நானும் போனேன்.

பூ இங்கே பல் துலக்கும் கண்ணாடித் தம்ளரில் இருக்கிறது. நான் கோழை. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ வழக்கப்படி நடந்தாய்.

லி.


நியூ ஆர்லியன்ஸ்
5 நவம்பர் 1972

அக்கா,

வழக்கப்படி நடந்தேன், உண்மைதான். நடந்துவிட்டு ஏணியில் ஏறினேன், அப்பா கல்லறையின் ஒரே பக்கத்துக்கு மூன்று பூச்சு பூசினேன். பக்கத்துக் கல்லறைக்காரர் "ஏம்பா, உங்க அப்பா என்ன, பனிக்கட்டி வீடா கேட்டாரு?" என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினேன். நாலு நாளாகச் சதுக்கத்தில் நான் சொல்லும் கதையெல்லாம் உப்புச் சப்பில்லாமல் போகிறது. நேற்று ஒரு வீட்டில் பேயே இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். கேட்டவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அந்த முதலைக் கதை என்னுடையதல்ல. அவ்வளவு மட்டமான கதை நான் சொல்வதில்லை.

உனக்கு வேறொன்று சொல்ல வேண்டும். அன்று வீடு திரும்பி அம்மாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சிக்கரி தூக்கலாக, அவளுக்குப் பிடித்த மாதிரி. ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்காளா பாக்கறதுக்கு?" என்றாள்.

"யாரு?"

"என்னடா யாரு? கேட்டுட்டு எடுங்கன்னு சொன்னாளே, அவ. எனக்குக் கண்ணுதான் போச்சு, காது போகலை. பெத்தவளுக்குக் குரல் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே? ஏம்மா கூப்பிடலை?" என்றேன்.

"நான் கூப்பிட்டுட்டா அவ பொழப்பு என்ன ஆகும்? அவளா கூப்பிடட்டும். வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு பூவைக் குடுக்கச் சொன்னேன்" என்றாள். பிறகு தம்ளரை நீட்டி, "சர்க்கரை பத்தலை" என்றாள். சர்க்கரை போட்டேன். அதற்குப் பிறகு அந்தக் காப்பியை அவள் குடிக்கவில்லை.

நான் மறைத்து வைத்திருந்த உன் கடிதங்களையெல்லாம் அன்றைக்கே படித்துக் காட்டினேன். எல்லோரும் காய்ச்சலில் போனோம் என்ற இடத்தில் சிரித்தாள். "என்ன காய்ச்சலாம்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

அவ்வளவுதான் சொல்ல வந்தேன். நீ கூப்பிட்டால் இங்கே ஆள் இருக்கிறது. கூப்பிடாவிட்டாலும் கோபமில்லை, ஆனால் அவளுக்கு எழுபத்தாறு வயது.

நூமா


சிகாகோ
29 நவம்பர் 1972

நூமா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு பத்து நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. அப்புறம் ஒன்று நடந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கையேட்டின் அச்சுப் படி வந்தது. புரட்டினால், நான் 'ஏரிப்பக்கம்' என்று எழுதிய இடமெல்லாம் 'கிழக்கு' என்று மாறியிருக்கிறது. முப்பத்தொரு இடம். நடுநிலம் என்ற சொல்லை ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையால் அடித்திருந்தது. எங்கள் தலைமை ஆசிரியர் ஹாகன் செய்த வேலை. வரைபடத்தோடு அவர் அறைக்குப் போனேன்.

"ஏரின்னா கிழக்குதானே லீனா? இதுல என்ன சந்தேகம்? ஜன்னலைத் தொறந்து பாரு" என்றார். இங்கே அது உண்மை. சிகாகோவில் பிறந்தவனுக்கு ஏரி என்றாலே கிழக்குதான், எந்த ஊர் ஏரியானாலும்.

"அந்த ஊர்ல ஏரி வடக்கே இருக்கு. இப்படிப் போட்டா கல்லறைக்குப் போறவங்க கார் பழுது பாக்கற கொட்டகையிலதான் போய் நிப்பாங்க" என்றேன்.

"சரி, நடுநிலம்னா என்ன? அங்கே என்ன சண்டையா நடக்குது?"

"சாலை நடுவுல இருக்கற திட்டு. அங்கே அப்படித்தான் சொல்லுவாங்க."

"யார் சொன்னா?"

"வண்டிக்காரர் ஒருத்தர் எழுதினாரு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "வண்டிக்காரனா? அவனுங்களை நம்பியா முப்பத்தொரு எடத்துல மாத்தச் சொல்றே? நானும் அந்த ஊருக்குப் போயிருக்கேன். கழுதைக்கு நெப்போலியன் சொந்தம்னு சொன்னான் ஒருத்தன். சரியான புளுகுமூட்டை!"

நூமா, பத்தொன்பது வருடம் எத்தனையோ பேச்சைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கிறேன். உங்களைப் பற்றி, நம் நிறத்தைப் பற்றி, காப்பி நேரத்தில், விருந்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே. எல்லாவற்றுக்கும் புன்னகைத்தேன். இந்தப் புளுகுமூட்டை என்ற ஒரு வார்த்தையை மட்டும் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது சரியான வார்த்தை, அதைச் சொல்லும் உரிமை எனக்குத்தான் உண்டு.

"அந்தப் புளுகுமூட்டை என் தம்பி" என்றேன். "நான் அந்த ஊர்ல பொறந்தவ. அந்த நடுநிலத்துல விளையாடி முட்டியைப் பேத்துக்கிட்டவ."

ஹாகன் அந்த வண்டிக்காரனின் நிறத்தைப் பார்த்தவர். என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அச்சுப் படியை நீயே திருத்திடு" என்று மட்டும் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. உன் படத்தைக் காட்டிய பெண் மட்டும் ஒரு நாள் வந்து உட்கார்ந்தாள், மறுநாள் வரவில்லை.

அது பரவாயில்லை. அன்று சாயங்காலம் ரூத்திடம் சொன்னதுதான் கஷ்டம். "அப்பாவுக்குக்கூடத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "எனக்கு ஒரு பாட்டி இருந்திருக்காங்க. நீ இல்லைன்னு சொல்லிட்டே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சமைத்ததைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், ஒரு வார்த்தை இல்லை. அம்மா கோபித்துக்கொண்டால் அப்படித்தான் இருப்பாள், நினைவிருக்கிறதா? பாத்திரம் மட்டும் சத்தம் போடும்.

மூன்றாம் நாள் காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "அந்தக் கழுதை பேரு என்ன?" என்றாள்.

வடக்கு என்று எழுதினால் போதும் என்றார் ஹாகன். நான் எல்லா இடத்திலும் 'ஏரிப்பக்கம்' என்றே போட்டுவிட்டேன், முதல் பக்கத்தில் விளக்கம் எழுதியிருக்கிறேன். ஓக் மரங்களை வெட்டியதையும் எழுதினேன். தொகுத்தவர் பெயரும் மாறியிருக்கிறது. அந்தப் பக்கத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு. இனி வீட்டு விலாசத்துக்கே எழுது.

லியோன்டின்


நியூ ஆர்லியன்ஸ்
9 டிசம்பர் 1972

அக்கா,

அந்தப் பக்கத்தைப் படித்தேன். 'தொகுத்தவர்: லியோன்டின் பார்த்தே, நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர்.' அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம் தாளை வாங்கி அந்த வரி எங்கே இருக்கிறது என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மை கலையப் போகிறது என்று பயந்து பிடுங்கி வைத்தேன். அலமாரியில், மேரி மாதா பக்கத்தில் இருக்கிறது.

ஹாகன் சொன்னது என்னைத்தானே? அந்த மனுஷன் எனக்கு நினைவிருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கும்போது ஓர்டான்ஸுக்கு 'மரியாதையாக' தலைவணங்கினான். புளுகை நம்பியது அவன், குற்றம் என் மேலா?

கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று நீ இன்னும் எழுதவில்லை. எழுதுவாய் என்று அம்மா இப்போதே கட்டில் துணியெல்லாம் வெளுத்துப் போட்டுவிட்டாள். "எழுதுடா, அந்தப் பொண்ணு என்ன சாப்பிடும்னு கேளு. காரம் ஆகுமான்னு கேளு. ஆகாதுன்னா பழக்கிடலாம்னும் எழுது" என்கிறாள். எழுதிவிட்டேன்.

ஆனால் என் பங்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீட்டு வாசலில் வந்து கூப்பிடுவது சுலபம், தெருவில் எல்லோரும் நம்மவர்கள்தான். நீ சதுக்கத்துக்கு வா. காலைப் பத்து மணிக்கு வண்டிகள் வரிசையாக நிற்கும், ஊர் பார்க்க வந்தவர்கள் நூறு பேர் நிற்பார்கள், அன்று கல்லறைக்கு நீ வந்ததுபோல் வெள்ளைத் தொப்பி போட்ட அம்மணிகளும் இருப்பார்கள். அத்தனை பேர் நடுவே என்னைக் கூப்பிடு. பதினோரு நிறுத்தம் உன் பின்னந்தலையைப் பார்த்தவன் கேட்கிறேன், இது அதிகமா?

என்ன பெயர் சொல்லி வேண்டுமானாலும் கூப்பிடு. அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிடாதே. மற்ற வண்டிக்காரர்கள் காதில் விழுந்தால் நான் இந்த ஊரில் பிழைக்க முடியாது.

நூமா


சிகாகோ
16 டிசம்பர் 1972

என் நூமாவுக்கு,

வெள்ளி மதியம் ரயிலில் ஏறுகிறோம். இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலைப் பத்து மணிக்குச் சதுக்கத்தில் இருப்போம். காரம் ஆகாது, பழக்கிவிடலாம். ரூத் ஓர்டான்ஸுக்காக ஒரு கம்பளித் துண்டு பின்னி வைத்திருக்கிறாள். கழுதைக்கு எதற்கு என்று கேட்டால், நெப்போலியன் குடும்பத்துப் பெண் குளிரில் நிற்கலாமா என்று கேட்கிறாள். நம் வீட்டு ரத்தம்தான், சந்தேகமே இல்லை.

அவள் இன்னும் என்னை முழுசாக மன்னிக்கவில்லை. சில நேரம் பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று நிறுத்திவிடுகிறாள். அம்மாவைப் பார்த்த பிறகு எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என்னிடம் என்ன சொல்வாள் என்றும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

நீ கேட்டது அதிகமில்லை. நீ வாடிக்கையாளரை ஏற்றிக்கொண்டிருந்தாலும் சரி, பேய்க் கதையின் பாதியில் இருந்தாலும் சரி, தலையைத் திருப்பிக்கொள்ளாதே. மேடம் என்று சொல்லாதே. நான் ஆற்றுப்பக்கமிருந்து வருவேன். வெள்ளைத் தொப்பி போட மாட்டேன், முகம் நன்றாகத் தெரியட்டும்.

பெயர் விஷயத்தில் மட்டும் நீ சொன்னதைக் கேட்கப்போவதில்லை. பத்தொன்பது வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயர் அது. சதுக்கத்தில் எத்தனை வண்டிக்காரர்கள் நின்றாலும், எத்தனை அம்மணிகள் திரும்பிப் பார்த்தாலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அந்த மேற்குக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுவேன்:

"டேய் தேரை! உன் அக்கா வந்திருக்கேன்டா!"

லியோன்டின் பார்த்தே